மின்சாரம் போனால் முதலில் போவது வெளிச்சம் அல்ல

2022 மின்வெட்டுக் காலத்தில் இருந்து என் பழைய மாணவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சேர், 90களில் கரண்ட் இல்லாமல் எப்படிப் படிப்பிச்சீங்கள்?" விளக்கைப் பற்றித்தான் எல்லோருக்கும் நினைவு. தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு லக்சபானா மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் சேர்ந்துகொண்டது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி எல்லாமே அருமையாயின.

ஜாம் போத்தல் விளக்கைப் பலர் அறிவார்கள். போத்தலின் அடியில் கொஞ்சப் பஞ்சு, அது நனையும் அளவு மண்ணெண்ணெய், கம்பியில் நிறுத்திய ஒரு திரி. போத்தலே சிமினி. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பிள்ளைகள் சோதனை எழுதினார்கள். செய்தி கேட்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடியது.

ஆனால் விளக்குக்கு எண்ணெய் ஏன் அவ்வளவு அருமையானது? மின்சாரம் செய்த வேலை முழுவதும் அந்த ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் தலையில் விழுந்தது. விளக்குக்கும் அதுதான், தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் அதுதான், பெற்றோல் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான். ஒன்று நின்றால் மற்றதை இழுக்கும்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. அந்தக் காலத்தில் குடிக்க, குளிக்க, பயிர் செய்ய எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்த நிலத்தடி நீர்தான். வீட்டு மோட்டர்கள் நின்றபோது நாங்கள் தாகத்தில் தவிக்கவில்லை. காரணம் எங்கள் கெட்டித்தனம் அல்ல. திறந்த கிணறு இருந்தது, கப்பி இருந்தது, சில வளவுகளில் துலாவும் மிச்சம் இருந்தது. மின்சாரம் வந்து பழையதை முழுதாக அழிக்குமுன்னே மின்சாரம் போய்விட்டது. அதுதான் உண்மை.

1996இற்குப் பிறகு டீசல் இயந்திரங்களால் மின்சாரம் மெல்ல மெல்லத் திரும்பியது. தேசிய மின்கட்டமைப்பு சுன்னாகம் வரை மீண்டும் வந்தது 2013இல்தான். இடையில் ஊருக்கு வெளிச்சம் தந்தது டீசல். அதற்கும் ஒரு விலை இருந்தது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பு வந்தது. மின்சாரம் இல்லாத காலத்தில் எங்களைக் காப்பாற்றிய கிணறு, மின்சாரம் உண்டாக்கிய இடத்தின் அருகில் கெட்டது. வரலாற்றுப் பாடத்தில் இதைவிடக் கசப்பான பாடம் நான் படிப்பித்ததில்லை.

2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததென்று நாடே இருண்டது. சில மணித்தியாலத்தில் சரியானது. சில மாதம் என்றால்? இப்போது பல வீடுகளில் குழாய்க் கிணறு. அதற்குள் வாளி இறங்காது. காசும் செய்தியும் கைபேசிக்குள்.

பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. உங்கள் வளவில் திறந்த கிணறு இருந்தால் அதை மூடிவிடாதீர்கள். ஒரு கப்பியும் நல்ல கயிறும் வாங்கி வையுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு வாளி தண்ணீர் அள்ளப் பழக்குங்கள். அவ்வளவுதான்.