கிறிஸ்த பிரேம சேவா சங்கம்

புணே சிவாஜிநகரில் உள்ள கிறித்தவ ஆசிரமம். 1922இல் அகமதுநகரில் ‘கிறிஸ்த சேவா சங்கம்’ என்ற பெயரில் தொடங்கியது. கடவுளின் அன்பைப் போதிப்பவர் யாரோடு குடியிருக்கிறார், யாரோடு உட்கார்ந்து உண்கிறார் என்பதையும் இறையியல் கேள்வியாகவே எடுத்துக்கொண்ட சங்கம் இது.

பின்னணி: சிவாஜிநகரிலிருந்து லோணாவளா போகும் ரயில்பாதையில் விநாயக பக்தர் மோரயா கோசாவியின் சமாதி அமைந்த சிஞ்ச்வட்டும், அதற்கு அப்பால் பக்திக் கவிஞர் துக்காராமின் தேஹூ பகுதியும் வருகின்றன. இந்த மண்ணின் பக்தியில் ஊறிய மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895இல் ஞானஸ்நானம் பெற்றார். துக்காராம் என்னும் பாலத்தைக் கடந்தே கிறிஸ்துவிடம் வந்ததாக அவர் கூறியதாகச் சொல்வர். துக்காராமின் வழிவந்த வார்கரி பக்தர்களின் அபங்கப் பாடல் வடிவிலேயே கிறிஸ்துவைத் தாயாகவும் குருவாகவும் பாடினார். 1917இல் மிஷன் சம்பளத்தைத் துறந்து, ஞானஸ்நானம் பெற்றவரும் பெறாதவரும் சேரக்கூடிய ‘தேவாசா தர்பார்’ என்ற சீடர் குழுவுக்கு அடித்தளமிட்டார்; 1919இல் மறைந்தார்.

1922–1934: திலக்கின் கனவால் தூண்டப்பட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர் ஆங்கிலிக்க குருவான ஜாக் வின்ஸ்லோ. மிஷன் பங்களாவில் இருந்துகொண்டு இந்தியரோடு உண்மையான நட்புக் கொள்ள முடியாது என்பது அவர் கண்ட அனுபவம். சங்கத்தில் இந்தியரும் ஐரோப்பியரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். கதர் உடுத்தித் தரையில் அமர்ந்து ஒன்றாக உண்டனர். ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே வரிசையில் இலைமுன் உட்காருவது அன்றைய புணேயில் சாதாரணமல்ல. 1927இல் இங்கிலாந்திலிருந்து வந்த குழுவில் ஆல்ஜி ராபர்ட்சனும் வெரியர் எல்வினும் இருந்தனர். சங்கம் புணேக்கு மாறியது. இறையன்பில் உருகிய இடைக்கால ஆங்கிலத் துறவி ரிச்சர்ட் ரோலை, கிறித்தவ சந்நியாசியாக அறிமுகப்படுத்தி எல்வின் 1930இல் ஒரு நூல் எழுதினார். காந்தியிடம் ஈர்ப்புக் கொண்ட அவர், பின்னர் சங்கத்தை விட்டு விலகி, 1932இல் சக உறுப்பினர் சாம்ராவ் ஹிவாளேயுடன் மத்திய இந்தியாவின் கோண்டு மக்களிடையே குடியேறினார்.

இச்சங்கமே முதல் புராட்டஸ்டன்ட் ஆசிரமம் என்று சிலர் எழுதியுள்ளனர். ஆனால் எஸ். ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கு 1921ஆம் ஆண்டே பொதுவாகக் குறிக்கப்படுகிறது.

1934இல் சங்கம் பிளவுற்றது. துறவு நெறியை விரும்பிய பிரான்சிஸ்கன் பிரிவே ‘பிரேம’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. இல்லறத்தாருக்கும் துறவியருக்கும் ஒரே விதி பொருந்துமா என்பதே அடிப்படைச் சிக்கல் என்பர். வின்ஸ்லோவின் மனமாற்றத்தை முதன்மைப்படுத்துவோரும் உண்டு. அவர் அவ்வாண்டே இங்கிலாந்து திரும்பினார்.

பிற்காலம்: அடுத்த பல பத்தாண்டுகளில் சங்கம் மெல்லத் தேய்ந்தது. 1972இல் ஆங்கிலிக்க, கத்தோலிக்க அருட்சகோதரிகள் சேர்ந்து ஆசிரமத்துக்கு மறுவாழ்வு அளித்தனர். வந்தனா மாதாஜி, அவருக்குப்பின் அத்வைதம் கற்ற சாரா கிராண்ட் ஆகியோர் ஆசாரியர்களாக இருந்தனர். சாரா கிராண்ட் 2002இல் காலமானார்.