மந்தும் மன்றமும்

மேட்டுப்பாளையத்தில் நடத்துநர் "ஊட்டி, ஊட்டி" என்று கூவி ஆள் ஏற்றுகிறார். மலையேறிப் போய் இறங்கினால் ரயில் நிலையப் பலகை "உதகமண்டலம்" என்கிறது. பத்திரிகைக்காரர்களுக்கோ "உதகை" போதும். இந்த மூன்றில் ஒன்றுகூட அந்த இடத்தின் முதல் பெயரல்ல.

1821 மார்ச்சில் மதராஸ் கெஜட்டில் வந்த ஒரு கடிதம் அதை "வோட்டோகிமந்து" என்று எழுதியது. காதில் விழுந்ததை எழுதிய வெள்ளைக்காரக் காது அது. பிறகு அது ஊட்டகமண்டு ஆயிற்று; நாக்கு சோம்பியதும் ஊட்டி. நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? உதகம் என்றால் நீர், மண்டலம் என்றால் வட்டாரம் என்று பொருள் கண்டுபிடித்துப் பெயரையே திருத்திவிட்டார்கள். ஏரியைச் சாட்சிக்கு அழைப்பவர்களும் உண்டு. அந்த ஏரி, கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1823இல் தொடங்கி ஓடையை மறித்துக் கட்டியது. பெயருக்கு அதைவிட வயது கூடுதல்.

கோத்தகிரிக்கும் இதே கதிதான். அது கோத்தர் கேரி. கோத்தர் நீலகிரிப் பழங்குடியினர்; கேரி என்றால் தெரு. மலைமேல் இருக்கும் ஊராயிற்றே, 'கிரி' என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? குன்னூர் அருகே ஜக்கதளாவில் எழுந்த ராணுவக் குடியிருப்புக்கு இந்தப் பூச்செல்லாம் தேவைப்படவில்லை. 1860இல் நேராக வெல்லிங்டன் என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் ஜெகதளா பேரூராட்சியில் ஒதுங்கிப் பிழைத்திருக்கிறது.

பெயரை மாற்ற வேறு வழியும் உண்டு. செர்பியாவில் நோவி சாத் என்றொரு நகரம். 'புதுத் தோட்டம்' என்று பொருள். தேயிலை மலைக்காரர்களுக்குப் பிடிக்கும் பெயர். 1748இல் மரியா தெரேசா அரசி அதற்கு நகர உரிமை தந்தபோது, அந்தந்த மக்கள் தங்கள் மொழியிலேயே பெயரைச் சொல்லிக்கொள்ளலாம் என்றாராம். லத்தீனில் நியோபிளாண்டா, ஜெர்மனில் நோய்சாட்ஸ் என ஆனது. அங்கே பொருளைக் கேட்டு மொழிபெயர்த்தார்கள். இங்கே ஓசையை மட்டும் கேட்டுப் பொருளை நாமே போட்டுக்கொண்டோம்.

ஊட்டியின் பெயரில் முன்பாதி 'ஒற்றைக்கல்' என்று பரவலாகச் சொல்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது; சத்தியம் செய்யமாட்டேன். பின்பாதியில்தான் எனக்குச் சந்தேகமே இல்லை. அது மந்து. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பு: அரைவட்டக் கூரை வீடுகள் சில, பால் கடையும் கோயில், எருமைப் பட்டி. தோடர்கள் தங்கள் பேச்சில் 'மோட்' என்பார்கள். மற்றவர்கள் வாயில்தான் மந்து.

1930களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தவர் மொழியியலாளர் எமனோ. அவரும் இன்னொரு மொழியியலாளரான பரோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இந்தச் சொல் தமிழ் 'மன்று', 'மன்றம்' ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் நிற்கிறது. பழந்தமிழில் மன்று என்பது மாட்டுத்தொழு, ஊர் கூடும் வெளி, வழக்குத் தீர்க்கும் அவை எல்லாமே. மாடு அடைகிற இடத்தில்தான் மனிதரும் கூடினார்கள். மதுரைப் பக்கம் ஊர்ப்பொது இடத்தை இன்னும் மந்தை என்கிறார்கள், பஞ்சாயத்தும் அங்கேதான். சென்னை மந்தைவெளியில் இன்று மாடு மேய இடம் தேடவேண்டும் என்பது வேறு கதை.

உதகை நகராட்சி 1866இல் அமைந்தது. அதன் உறுப்பினர்கள் கூடும் அவை நகர்மன்றம். வழக்கு என்றால் நீதிமன்றம். ஊர்ப்பெயரிலிருந்து 'மந்து' என்பதை மண்டலமாக்கித் துரத்திய பிறகும், அதன் உறவுக்காரச் சொல் அரசு அலுவலகப் பலகைகளில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. எருமைப் பட்டியோடு உறவு என்று சொன்னால் கவுன்சிலர்கள் கோபித்துக்கொள்ளலாம். சொல்லுக்கு அந்த வெட்கம் கிடையாது.

தாவரவியல் பூங்காவின் மேல்சரிவில் மஞ்சக்கல் மந்து இருக்கிறது. வழி கேட்டால் "கார்டன் மந்தா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் மந்து போய்விட்டது. இங்கே மஞ்சக்கல் போய், மந்து மட்டும் நிற்கிறது.