மாமல்லபுரத்துச் சிற்பாசிரியர் ஸ்ரீ வை. கணபதி ஸ்தபதி

ஆசிரியர் ஒருவர் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெறுங்கால் அவருக்கு மாலை சூட்டி, பொன்னாடை போர்த்தி, உபசாரப் பத்திரம் வாசித்தளித்தல் நம்மவர் வழக்கம். வழக்கம் நன்றே. ஆயினும் மாலை மறுநாள் வாடும். அவர் பணியின் அளவை அறிய வேண்டின், அவர் யாரிடம் எதனைப் பெற்றார், அதனை யார் கையில் எவ்வாறு ஒப்புவித்துச் சென்றார் என ஆராய்தலே முறையாகும். செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரையிலே, மாமல்லபுரத்தில், 27 ஆண்டுகள் சிற்பக் கலாசாலையை நடத்திய ஸ்ரீ வை. கணபதி ஸ்தபதியவர்களின் சரித்திரத்தை அம்முறையில் நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் கூறப் புகுகின்றோம்.

அப்பெரியார் 1927ஆம் ஆண்டில், காரைக்குடிக்கு அணித்தான பிள்ளையார்பட்டியில், வழிவழியாகக் கோயிற்பணி செய்துவந்த விசுவகர்மக் குடும்பத்திலே தோன்றினார். தந்தையார் ஸ்ரீ வைத்தியநாத ஸ்தபதி. உளியைத் தந்தையிடம் பயின்ற மைந்தர், காரைக்குடி அழகப்பர் கல்லூரியிற் கணிதமும் கற்றுப் பட்டம் பெற்றார். இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே சேர்ந்தமை பின்னர்ப் பெரும்பயன் விளைத்தது.

முற்காலத்தில் நம் தொழிற்கல்வி நடந்த விதம் யாவரும் அறிந்ததே. சிறுவன் தந்தையின் பட்டறையிற் கல்லோடு வளர்வான். சாஸ்திர சுலோகங்களை மனனஞ் செய்வான். ஏட்டுச்சுவடி பெட்டியில் இருக்கும். கை பழகுதற்கு இதனினும் சிறந்த முறை இல்லை. ஆனால், மைந்தனின்றி ஒரு ஸ்தபதி மறைவாராயின் அவர் அறிந்தனவும் அவரோடே மறையும். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியிலே ஒரு பாறையிற் பல்லவர் காலத்துச் சிற்பியர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் முதலான அப்பெயர்களைக் காணுந்தோறும் நம் உள்ளம் பூரிக்கின்றது. ஆயினும், அவர்கள் தம் மாணாக்கர்க்கு எதனை, எவ்வாறு கற்பித்தார்கள் என்பதை அப்பாறை கூறவில்லை. பெயர் நின்றது, பாடம் நிற்கவில்லை.

இக்குறையை நீக்கும் பொருட்டே போலும், 1957ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் மாமல்லபுரத்திற் சிற்பக் கலாசாலையை நிறுவினர். முதற்கண் அதற்குத் தலைமை பூண்டவர் வைத்தியநாத ஸ்தபதியவர்கள். அவருக்குப்பின் 1961இல் மைந்தர் அப்பொறுப்பை ஏற்று, 1988 வரை வகித்தார். அக்காலத்திலே கலாசாலை சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பெற்று, கோயிற் கட்டடக் கலைக்கும் சிற்பத்திற்கும் பட்டம் வழங்கும் நிலை எய்தியது. கல், சுதை, உலோகம், மரம் ஆகியவற்றில் உருவமைத்தலும் ஆலய நிர்மாணமும் வகுப்பறைப் பாடங்களாயின. உத்தம தசதாள அளவின்படி மூர்த்தியின் முழு உயரத்தை 124 கூறாக வகுத்து, முகத்திற்கு இத்துணை, மார்பிற்கு இத்துணை எனப் பிரித்தளிக்கும் கணக்கு, ஒரு வீட்டார் மறைபொருளாய் இராது கரும்பலகையில் எழுதப்படுவதாயிற்று. அரசாங்கக் கலாசாலையாதலின் குலம் வினவாது மாணாக்கர் சேர்க்கப்பட்டனர்.

இங்கே நம்மவருட் சிலர், “குலத்தொழிலைப் பிறர்க்குக் கற்பித்தல் நம் மக்கள் வாயினின்றும் சோற்றைப் பறிப்பதன்றோ?” என வினவுதல் கூடும். பிள்ளைகளின் பிழைப்பைக் கருதிய அச்சத்தை நாம் எள்ளுதற்கில்லை. ஆயினும் நிகழ்ந்ததை நோக்குவோமாக. மாமல்லபுரத்து வீதிகளில் உளியோசை ஓய்ந்துவிடவில்லை. அவ்வூர்க் கற்சிற்பத்திற்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்றொன்றும் எண்ணத்தக்கது: நம் பிள்ளைகளிற் பலர் வேறு உத்தியோகங்களை நாடுகின்றனர், நாடுதல் அவர்தம் உரிமை. அவர்கள் விட்டுச் சென்ற உளியை எடுப்பார் வேண்டாவோ? மகன் கொள்ளாத வித்தையை மாணாக்கன் கொண்டமையாலன்றோ அது பிழைக்கும்? பட்டம் மட்டும் கைத்திறனைத் தந்துவிடாது. பல்லாண்டு கல்லோடு உழைத்தாலன்றி ஒருவன் ஸ்தபதியாகான். ஆயினும் வாயிலே அடைபட்டிருப்பின் உழைக்க வருவார் யார்?

ஆசிரியர் பதவியிலிருந்த காலத்தே, 1976இல் எழுந்த சென்னை வள்ளுவர் கோட்டம் அவர் வகுத்த அமைப்பாகும். ஓய்வுக்குப் பின்னரும் அவர் சும்மாயிருந்தாரல்லர். 1990இல் தொடங்கிய கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலைப்பணி அவர் தலைமையில் நிறைவுற்று, 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பெற்றது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடமும், ஏனை இருபால்களின் 95 அதிகாரங்களைக் குறிக்கும் 95 அடி உருவமுமாக அது 133 அடி உயர்ந்து நிற்கின்றது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து மோதியபோதும் அச்சிலை அசையவில்லை. கடல்கடந்த ஹவாய்த் தீவுகளிலுள்ள இறைவன் கோயிலும் அவர் வகுத்ததே. 2009இல் இந்திய அரசாங்கத்தார் பத்மபூஷண் விருதளித்தனர். 2011இல் அவர் இறைவனடி எய்தினார்.

இத்தகையோரைப் போற்றும் நெறி யாது? நம் வீடுகளில் சிற்பநூற் சுவடிகள் இருப்பின், செல்லரிக்குமுன் அவற்றைப் பிரதியெடுத்து வைப்போமாக. தொழிலினின்றும் ஓய்வு பெறும் ஸ்தபதிகளுக்குப் பொன்னாடை போர்த்தும் அன்றே, அவரிடம் பயில இரு மாணாக்கரையும் அழைத்துச் சென்று ஒப்புவிப்போமாக. அவர்கள் எக்குடிப் பிறந்தவராயினும் ஆகுக. கற்கும் விருப்பமும் பொறுமையும் உடையரா என்பதொன்றையே நோக்குதல் வேண்டும். கணபதி ஸ்தபதியவர்கள் தம் கலாசாலையிற் கைக்கொண்ட நெறியும் அதுவே.