இணையவழித் தள்ளுபடி: உண்மையான சலுகையைக் கண்டறிவது எப்படி?

பண்டிகைக் கால விற்பனையின்போது இணைய வணிகத் தளங்கள் 50 சதவீதம், 70 சதவீதம் என தள்ளுபடிகளை அறிவிக்கின்றன. எனினும், எந்த விலையிலிருந்து தள்ளுபடி கணக்கிடப்படுகிறது என்பதை அறியாமல் சலுகையின் உண்மை மதிப்பை முடிவு செய்ய இயலாது.

எம்.ஆர்.பி. ஓர் உச்ச வரம்பு மட்டுமே

கோடிட்டு அடிக்கப்பட்டுள்ள விலை பெரும்பாலும் அதிகபட்ச சில்லறை விலை (எம்.ஆர்.பி.) ஆகும். அனைத்து வரிகளும் உட்பட, ஒரு பொருளை அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதே அதன் பொருள். விற்பனைக்கு முந்தைய விலை அதுவாகவே இருக்க வேண்டியதில்லை.

உதாரணமாக, 1,999 ரூபாய் எம்.ஆர்.பி. கொண்ட ஹெட்போன் 70 சதவீதத் தள்ளுபடியில் 599 ரூபாய்க்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். அதே ஹெட்போன் முந்தைய வாரம் 549 ரூபாய்க்குக் கிடைத்திருந்தால், தற்போது வாங்குபவர் 50 ரூபாய் கூடுதலாகவே செலுத்துகிறார். எனவே, தேவையான பொருளின் விலையைச் சில வாரங்களுக்கு முன்பே குறித்து வைத்து, அதே மாடல் எண்ணுடன் பிற தளங்களிலும் கடைகளிலும் ஒப்பிடுவது அவசியம்.

வங்கிச் சலுகையும் தவணையும்

வங்கி அட்டைகளுக்கான '10 சதவீத உடனடித் தள்ளுபடி' பெரும்பாலும் வரம்புக்கு உட்பட்டது. 40,000 ரூபாய் கைபேசிக்கு வரம்பு 1,500 ரூபாய் எனில், 4,000 ரூபாய் குறையாது. உண்மைத் தள்ளுபடி 4 சதவீதத்துக்கும் குறைவே. 'வட்டியில்லா தவணை'யிலும், வங்கி கணக்கிடும் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி, செயலாக்கக் கட்டணம் ஆகியவற்றைச் செலுத்த நேரிடலாம். விநியோகக் கட்டணம் உள்ளிட்டவை சேர்ந்த இறுதித் தொகையையே ஒப்பிட வேண்டும்.

விதிகள் கூறுவது என்ன?

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, விற்பனையாளர் மொத்த விலையை ஒரே தொகையாக, அதன் பிரிவு விவரங்களுடன் தெரிவிக்க வேண்டும். நுகர்வோரின் ஒப்புதலை முன்கூட்டியே 'டிக்' செய்யப்பட்ட கட்டங்கள் மூலம் பதிவு செய்யக் கூடாது.

நுகர்வோரைத் திசைதிருப்பும் 'டார்க் பேட்டர்ன்' உத்திகளைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கடந்த 2023 நவம்பர் 30-ஆம் தேதி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் 13 உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. '2 மட்டுமே மீதம்' எனப் பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கட்டணம் செலுத்தும் கட்டத்தில் மறைமுகக் கட்டணங்களை வெளிப்படுத்துவது ஆகியவை அவற்றில் அடங்கும்.

புகார் அளிப்பது எப்படி?

விலைப் பக்கம், இறுதித் தொகை ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட், ரசீது ஆகியவற்றைப் பாதுகாத்து, முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் அளிக்கலாம். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் தொடர்பு கொள்ளலாம். தீர்வு கிடைக்காவிட்டால், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பிரச்னை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கு தொடரலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இதற்குக் கட்டணம் இல்லை.