அரசு வளாகங்களில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு: இந்திய விதிகளும் தேர்வும்

அரசு அலுவலகம், காவல் நிலையம், சிறை போன்ற இடங்களில் பொருத்தப்படும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா படம் பிடிப்பதோடு நிற்பதில்லை. ஆளின் முகத்தையும் வண்டி எண்ணையும் தானே இனங்காண்கிறது. இந்தியாவில் இதை வாங்கும் துறை, கேமராவின் பாதுகாப்பு, பதிவைச் சேமிக்கும் காலம், முகமறி மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த சான்று இன்னொன்றுக்குச் செல்லாது.

கேமராக்களுக்கான அடிப்படைப் பாதுகாப்புத் தேவைகளை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அவை கட்டாயம். கேமராவைத் திறந்து, மின்சுற்றில் பழுதுபார்ப்புக்கென விடப்படும் இணைப்புகள் வழியாக உள்ளே நுழைய முடிகிறதா, போலி மென்பொருளை அது ஏற்றுக்கொள்கிறதா என்றெல்லாம் ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். முக்கியமான சில்லு எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆவணம் கேட்கப்படுகிறது. அமெரிக்கா 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஹிக்விஷன், தாஹுவா என்ற சீன கேமரா நிறுவனங்களைப் பெயர் சொல்லியே அரசுக் கொள்முதலுக்குத் தடை போட்டது. ஆனால் ஒரே மின்சுற்றுப் பலகை வேறு வேறு பெயர் ஒட்டிக்கொண்டு சந்தைக்கு வரும் தொழில் இது. பெட்டியின் மேலிருக்கும் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட உள்ளே இருப்பதைக் கேட்பதே உருப்படியான வழி.

சேமிப்புக் காலம் பற்றி ஒப்பந்தப்புள்ளிகளில் அதிகம் பேச்சிருக்காது. மெகாபிக்சல்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். காவல் நிலையங்களின் வாயில், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை உள்ளிட்ட இடங்களில் இரவிலும் தெரியும், ஒலியும் பதியும் கேமரா வேண்டும் என்றும், பதிவு 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா நாளொன்றுக்குச் சுமார் 21.6 ஜிபி எடுத்துக்கொள்ளும். 18 மாதத்துக்கு ஏறக்குறைய 12 டெராபைட். அதுவும் ஒரே ஒரு கேமராவுக்கு.

இடம் இருந்தாலும் போதாது. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் காவல் மரணங்கள் பற்றி விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், ஹார்டு டிஸ்கில் 1 டெராபைட் இடமிருந்தும் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை தந்தார். ஆகவே அழிப்பு அமைப்பை மாற்றும் உரிமை அந்தந்த நிலையத்தார் கையில் இல்லாமலும், மாற்றியது யார், எப்போது என்ற குறிப்பு அழியாமலும் இருக்கிற கருவியே ஏற்றது.

முகமறி மென்பொருளில் கவனிக்க வேண்டியது பொருத்த எல்லை. 80 விழுக்காடு ஒத்துப்போனாலே பொருத்தமாகக் கொள்வதாக டில்லி காவல்துறை 2022-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிலளித்தது. ஆயிரம் முகத்துக்கு ஒன்று தவறினாலும், நாளுக்கு 5,000 பேர் வந்துபோகும் அலுவலகத்தில் தினமும் ஐந்து பேர் காரணமில்லாமல் நிறுத்தப்படுவார்கள். எனவே எல்லையை எவ்வளவு வைப்பது, மென்பொருள் காட்டியதை எந்த அதிகாரி சரிபார்ப்பது என்பவை ஒப்பந்தத்திலேயே வர வேண்டும். 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கை மூலம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு விலக்குப் பெற்ற அமைப்பையும் கட்டுப்படுத்தும்.

கடைசியாக, சாட்சியம். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு, பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்புடன் கூடிய சான்றிதழும் தாக்கல் செய்யப்பட வேண்டும். பதிவை வெளியே எடுக்கும்போதே கருவி அந்த மதிப்பைக் கணக்கிட்டுத் தருவது நல்லது. கருவியைப் பொறுப்பேற்கும் நாளில் திரையில் ஓடும் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். பத்து நிமிடம் பிந்தி ஓடும் கேமராவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விட்டுவைக்க மாட்டார்.