சிசேரியன் காயமும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளும்

சிசேரியன் அறுவை முடிந்த தாயின் உடலில் இரத்தம் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தைக்கப்பட்ட கருப்பையிலும் வயிற்றுச் சுவரிலும் அது உறைய வேண்டும். கால் சிரைகளில் உறையக் கூடாது. முதலாவது நடக்காவிட்டால் காயம் ஆறாது. இரண்டாவது நடந்துவிட்டால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்து உயிரைப் பறிக்கலாம். இந்த இரண்டுக்கும் இடையே மருந்தின் அளவையும் நேரத்தையும் பொருத்துவதே இங்கு சொல்லப்படும் வரலாறு. பேச்சுவழக்கில் இம்மருந்துகளை 'இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து' என்கிறோம். உண்மையில் அவை இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. ஏற்கெனவே உறைந்த கட்டியைக் கரைப்பதும் இல்லை. புதிதாக உறைவதை மட்டுமே தடுக்கின்றன.

வெண்கால் நோய்

பிள்ளை பெற்ற சில நாட்களில் ஒரு கால் வெளுத்து, வீங்கி, தொட்டாலே வலிக்கும் நோயை ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். தாய்ப்பால் வழிதவறிக் காலில் இறங்கிவிட்டது என்று நம்பி அதற்குப் 'பால் கால்' என்றே பெயரிட்டிருந்தனர். மான்செஸ்டர் மருத்துவர் சார்ல்ஸ் வைட் 1784இல் எழுதிய நூலில் இந்தப் பால் கொள்கையை மறுத்தார். ஆனால் அவர் குற்றம் சாட்டியது நிணநீர்க் குழாய்களை. 1823இல் லண்டனில் டேவிட் டேவிஸ், இந்நோயால் இறந்த பெண்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, கோளாறு சிரைகளில்தான் என்று காட்டினார். காலில் உருவான கட்டி நுரையீரலுக்குப் பயணம் செய்கிறது என்பதை நிறுவியவர் ஜெர்மானியரான ருடால்ஃப் விர்ச்சோ. அவரது ஆய்வுகளின் தொகுப்பு 1856இல் வெளிவந்தது.

கருவுற்ற பெண்ணின் இரத்தம் எளிதில் உறைவதற்குக் காரணம் உண்டு. பேறுகாலம் நெருங்கும்போது கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்தவுடன் அந்த வாய்கள் அடைபட வேண்டும். அதற்காகவே உடல் உறைகாரணிகளை முன்கூட்டியே பெருக்கி வைக்கிறது. பேறு முடிந்த பிறகும் ஆறு வாரங்கள் வரை அந்த நிலை நீடிக்கிறது. அறுவையும் படுக்கையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

தைக்காமல் விட்ட கருப்பை

1870கள் வரை சிசேரியன் செய்யப்பட்ட தாய்மார்களில் பெரும்பாலோர் இறந்தனர். கால் சிரையைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு அவர்கள் உயிரோடு இருந்ததில்லை. கருப்பை தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும், நூல் போட்டால் சீழ் பிடிக்கும் என்று எண்ணிப் பலர் அதைத் தைக்காமலே விட்டார்கள். 1876இல் இத்தாலியின் பவியா நகரில் எதுவார்தோ போர்ரோ இரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையையே அகற்றினார், தாய் பிழைத்தார். 1882இல் லைப்சிக்கைச் சேர்ந்த மாக்ஸ் சேங்கர், வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் கருப்பையை அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை விளக்கினார். 1900இல் ஃபன்னன்ஸ்டீல் அடிவயிற்றில் குறுக்காக வெட்டும் முறையை வெளியிட்டார். தழும்பு மறைவாக இருக்கும், குடலிறக்கம் குறையும் என்பதால் இம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் அதில் வயிற்றுத் தசையை மூடிய உறையைத் தசையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பிரித்த அந்த இடைவெளியில் இரத்தம் கசிந்து தேங்க வாய்ப்புண்டு. இதைப் பின்னர் மறுபடி பார்ப்போம்.

ஆய்வகத்திலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும்

1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், பேராசிரியர் வில்லியம் ஹவலின் ஆய்வகத்தில் இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கல்லீரலிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஒன்று, அதற்கு நேர்மாறாக உறைவதைத் தடுத்தது. கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஹவல் 1918இல் 'ஹெப்பாரின்' என்ற பெயரைச் சூட்டினார். மக்லீன் கண்ட பொருளும் ஹவல் பின்னர் பிரித்த பொருளும் ஒன்றல்ல என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்ற வழக்கு மக்லீன் இறந்த பின்னும் ஓயவில்லை. மனிதருக்குச் செலுத்தத்தக்க தூய ஹெப்பாரினை 1930களில் டொரான்டோவில் சார்ல்ஸ் பெஸ்ட்டின் குழுவும், ஸ்டாக்ஹோமில் எரிக் யோர்ப்பஸும் உருவாக்கினர். இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கேற்ற அதே பெஸ்ட்தான் இவர்.

மற்றொரு மருந்து தொழுவத்திலிருந்து வந்தது. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் இறந்தன. 1933இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் பனிப்புயலில் வண்டியோட்டி, இறந்த கிடாரியையும் உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும் கார்ல் லிங்க்கின் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே தொடங்கிய ஆய்வு டைக்குமரால் மருந்துக்கும், 1948இல் எலிக்கொல்லியாக விற்பனைக்கு வந்த வார்ஃபாரினுக்கும் வழிவகுத்தது. 1954 முதல் வார்ஃபாரின் மனிதருக்கும் கொடுக்கப்பட்டது. அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைப் பாதிக்கும். பெரிய மூலக்கூறான ஹெப்பாரின் கடப்பதில்லை. ஆகவே கருவுற்றோருக்கு ஹெப்பாரினே முதல் தேர்வாயிற்று. பிள்ளை பிறந்த பின் இரண்டில் எதைப் பெற்றாலும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

காக்கரின் எண்கள்

உறைவுத் தடுப்பு உயிரைக் காக்கிறது என்பதற்கு முதல் வலுவான சான்று 1960இல் பிரிஸ்டலிலிருந்து வந்தது. பாரிட், ஜோர்டன் இருவரும் நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 35 பேரை இரு பிரிவாக்கினர். மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அந்நோயாலேயே இறந்தனர். மருந்து பெற்ற 16 பேரில் அதனால் ஒருவரும் இறக்கவில்லை.

வந்த நோயைக் குணப்படுத்துவது ஒன்று. நலமாக இருப்பவருக்கு முன்கூட்டியே மருந்திடுவது வேறு. பின்னதற்கு விடை தேடியவர் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த விஜய் காக்கர். பல நாடுகளில் பெரிய அறுவைக்கு உட்பட்ட 4,121 பேரிடம் நடந்த அவரது ஆய்வு 1975இல் வெளியானது. குறைந்த அளவு ஹெப்பாரின் பெற்றவர்களில் 2 பேரும், பெறாதவர்களில் 16 பேரும் நுரையீரல் அடைப்பால் இறந்திருந்தனர். அதே ஆய்வு இன்னொன்றையும் ஒளிக்காமல் பதிவு செய்தது: மருந்து பெற்றவர்களின் காயங்களில் இரத்தக்கட்டு கூடுதலாக இருந்தது. என் பார்வையில் இந்த இரண்டாவது வரிக்கு முதல் வரிக்குக் கிடைத்த கவனம் கிடைக்கவில்லை.

காயத்தில் இரத்தக்கட்டு ஏன் கவலைக்குரியது? வெட்டுப்பட்ட இடத்தில் உருவாகும் மெல்லிய ஃபைப்ரின் வலைதான் புதிய செல்கள் ஏறிச்செல்லும் சாரம். அந்த அளவு உறைதல் நன்மையே. ஆனால் நுண்குழாய்கள் அடைபடாமல் கசிந்துகொண்டே இருந்தால், தேங்கிய இரத்தம் வெட்டின் இரு விளிம்புகளையும் விலக்கி நிறுத்துகிறது; கிருமிகளுக்கு நல்ல உணவாகிறது; தையல் பிரியவும் இடமாகிறது. தசையுறைக்கும் தசைக்கும் இடையே, தோலடிக் கொழுப்பில், சிறுநீர்ப்பைக்கும் கருப்பைத் தையலுக்கும் நடுவே என மூன்று இடங்களில் இது தேங்கலாம். கடைசி இடத்தில் தேங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது; சில நாள் கழித்து வரும் காய்ச்சலே அறிகுறி.

பிரிட்டனும் அலபாமாவும்

பிரிட்டனில் ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் ஆராயும் வழக்கம் 1952 முதல் உண்டு. அந்த அறிக்கைகளில் சிரை உறைவு மீண்டும் மீண்டும் முதன்மைக் காரணமாக நின்றது. 1995இல் வந்த பரிந்துரைகளுக்குப் பின் சிசேரியன் தாய்மார்களிடையே அம்மரணங்கள் குறைந்தன. 2004இல் கருவுற்ற காலத்துக்கும் இயல்பான பிரசவத்துக்குமான வழிகாட்டி வந்தது. 2003–05 காலத்தில் 41 ஆக இருந்த உறைவு மரணங்கள் 2006–08இல் 18 ஆயின. இப்போது அங்கு ஆபத்தின் அளவைப் பொறுத்து 10 நாட்களோ ஆறு வாரங்களோ சிறுமூலக்கூறு ஹெப்பாரின் ஊசி போடப்படுகிறது.

அமெரிக்கா இந்த வழியில் தயங்கியே நடந்தது. அங்கு 2011இல் மகளிர் மருத்துவர் கழகம் எல்லாச் சிசேரியன் தாய்மார்களுக்கும் பரிந்துரைத்தது ஊசியை அல்ல, கால்களை மாறிமாறி அழுத்தும் காற்றுறைகளை. அவற்றால் காயம் கசிவதில்லை. பிர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2016இல் ஊசியை விரிவாக்கிப் பார்த்தனர். அதற்கு முன்னும் பின்னும் அங்கே பிரசவித்த 24,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது: காய இரத்தக்கட்டு 0.4 விழுக்காட்டிலிருந்து 0.7 ஆக உயர்ந்திருந்தது. சிரை உறைவோ குறையவில்லை. உறைவு அரிதாக நேர்வதால் அதன் குறைவைக் காட்ட இந்த எண்ணிக்கை போதாது என்பது மறுதரப்பின் வாதம். இரத்தக்கட்டோடு வீடு திரும்பும் தாய் பிழைத்துக்கொள்வார், நுரையீரல் அடைப்புக்கு ஆளானவர் பிழைப்பது உறுதியில்லை என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

நடைமுறையில் சில சிறு மாற்றங்களே பலன் தந்தன. அறுவை முடிந்ததும் இரத்தப்போக்கு நின்றதை உறுதிசெய்த பிறகே முதல் ஊசி போடப்படுகிறது. முதுகில் மயக்க மருந்து செலுத்தியிருந்தால் குறைந்தது நான்கு மணி நேரம் பொறுக்கிறார்கள். தோலடிக் கொழுப்பு 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதையும் தனியே தைத்து வெற்றிடத்தை மூடுகிறார்கள். ஒரு காலத்தில் பத்து நாளுக்கும் மேல் படுக்கையில் கிடத்தப்பட்ட தாய்மார்கள், இப்போது அறுவை நடந்த மறுநாளே, பலர் அன்றைக்கே, எழுந்து நடக்கிறார்கள்.