கோலார் தங்கமும் சுக்ரனின் தூரமும்

கோலார் தங்கவயல் என்றதும் நம் அங்கத்தினர்களில் பலருக்கு உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ராபர்ட்சன்பேட்டை என்ற பெயர்களும், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஊதும் சங்கும் நினைவுக்கு வரும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டு, அங்கிருந்த நம்மவர்கள் பெங்களூர், சென்னை, மும்பை என்று போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் அப்படிப் போனவர்களில் ஒருவன்தான். ஆனால் இந்தக் கட்டுரை சுரங்கத்தைப் பற்றியது அல்ல. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த பஞ்சாங்கத்தைப் பற்றியது.

எங்கள் தாத்தா வாக்ய பஞ்சாங்கக்காரர். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தினர் வேறொரு பஞ்சாங்கம் வைத்திருந்தார்கள். சுக்ர மௌட்யம் வந்தால் அவர்கள் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். அவர்கள் சொல்லும் நாளும் தாத்தா சொல்லும் நாளும் ஒத்துப்போனதே இல்லை. "ஆகாசம் ஒன்றுதானே, இரண்டு கணக்கு எப்படி வரும் தாத்தா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்! அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது கிடைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அதிலும் எங்கள் தங்கவயலோடு சம்பந்தப்பட்டவர்.

ஜான் வாரன் இத்தாலியின் லிவோர்னோவில் 1769-இல் பிறந்தவர். பிரான்ஸில் புரட்சி வந்தபின் நாட்டை விட்டு வெளியேறி, ஆங்கிலேயரின் 33-ஆவது ரெஜிமெண்டில் சேர்ந்து இந்தியா வந்தார். 1802-இல் மைசூர் ராஜ்யத்தின் கிழக்கு எல்லையை அளக்கும் வேலை அவருக்கு. கோலார் பக்கம் மண்ணில் தங்கம் கிடைப்பதாக ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, உரிகம், மாரிக்குப்பம் பகுதியில் மண்ணைக் கழுவச் சொல்லி, கண்ணெதிரே தங்கத் துகள் வந்ததைப் பார்த்தார். அதைப் பற்றி அவர் எழுதிய குறிப்பைப் படித்துத்தான் 1871-இல் லவெல் என்பவர் தங்கம் தேடி இங்கே வந்தார். அதன்பின் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததெல்லாம் நம்மில் பலருக்கும் தெரிந்த கதை.

தெரியாத பாதி இனிமேல்தான். இதே வாரன் 1805-இல் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றுச் சில வருஷங்கள் நடத்தினார். பிற்காலத்தில் புதுச்சேரியில் குடியேறி, நம் பஞ்சாங்கக் கணிதங்களை ஆராய்ந்து "கால சங்கலிதம்" என்ற பெரிய நூலை எழுதி 1825-இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒரு எழுத்துகூட எழுதாமல், சோழிகளைத் தரையில் பரப்பி, வாக்யங்களை மனப்பாடமாகச் சொல்லியபடியே அவருக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31 இரவு வந்த கிரகணம் அது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சரிபார்த்தபோது ஆரம்ப நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். மத்தியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். வெறும் சோழியும் ஞாபகசக்தியும் கொண்டு இதைச் செய்தாரே என்று பூரிக்கவும் செய்யலாம், 52 நிமிடம் தவறியதே என்று யோசிக்கவும் செய்யலாம். இரண்டையும் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

சந்திரனைவிட கிரகங்கள் கஷ்டமானவை. காரணம் தூரம். பெரிய கோயில் ஒன்றில் பிரதட்சிணம் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாம் வெளிப் பிராகாரத்தில் நடக்கிறோம். உள் பிராகாரத்தில் ஒருவர் நம்மைவிட வேகமாக நடக்கிறார். சில சமயம் அவர் நமக்குப் பக்கத்திலேயே, ஒரு சுவர் தள்ளி வருவார். வேறு சமயம் கர்ப்பக்கிருஹத்துக்கு அந்தப்புறம் இருப்பார். கர்ப்பக்கிருஹத்தில் சூரியன், உள்ளே சுக்ரன், வெளியே நாம். 225 நாளில் ஒரு சுற்று முடிக்கும் சுக்ரன், 584 நாளைக்கு ஒருமுறை நம்மை ஒட்டி வந்து கடந்து போகிறது. கிட்டே வரும்போது தூரம் சுமார் 4 கோடி கிலோமீட்டர். எட்டப் போகும்போது சுமார் 26 கோடி. ஒரே கிரகம், ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! செவ்வாய்க்கும் இதே கதைதான். 2003 ஆகஸ்ட் 27 அன்று அது 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கியது. ஏறக்குறைய 60,000 வருஷங்களில் அவ்வளவு கிட்டே வந்ததில்லை என்றார்கள். எட்டப் போனால் அதுவே 40 கோடி.

இதில் ஒரு வேடிக்கை. நம் பக்கத்து கிரகம் சுக்ரன் என்றுதான் பள்ளியில் படித்தோம். கிட்டே வரும்போது அது சரி. ஆனால் வருஷக்கணக்கில் சராசரி எடுத்தால் பூமிக்கு அருகில் இருப்பது புதன்தான். சூரியனை விட்டு அதிகம் விலகாததால் அது எந்தப் பக்கம் போனாலும் சுக்ரனைப் போல அத்தனை தூரம் போவதில்லை.

இந்தத் தூர மாற்றம் நம் பஞ்சாங்கத்தில் வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. குருவும் சனியும் செவ்வாயும் சூரியனுக்கு ஏழாமிடத்தை ஒட்டி இருக்கும்போது வக்ரம் என்கிறோம். அப்போதுதான் பூமி அவற்றை முந்திக்கொண்டு போகிறது, அவை நமக்கு மிக அருகில் இருக்கின்றன, அதிகப் பிரகாசமாகவும் தெரிகின்றன. வக்ர கிரகத்துக்கு பலம் அதிகம் என்று ஜோதிடம் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். சுக்ர மௌட்யம் ஒருமுறை சில நாட்களிலும், மறுமுறை இரண்டு மாதம் வரையிலும் நீடிப்பதற்கும் இதுவே காரணம். முதலாவது சுக்ரன் சூரியனுக்கு முன்னால் கிட்டே வந்து விரைவாகக் கடப்பது. இரண்டாவது சூரியனுக்குப் பின்னால் எட்டப் போய் மெதுவாக நகர்வது.

ஆனால் அந்த நாளில் எவரும் கோடி கிலோமீட்டர் என்று அளந்து சொல்லவில்லை. ஐரோப்பாவிலும் கெப்ளர் காலம் முதல் விகிதம் தெரியுமே தவிர அளவு தெரியாது. அளவுகோல் போடாத வரைபடம் மாதிரி. எங்கள் சுரங்கத்தில் 10,000 அடி ஆழத்தை இறங்கிப்போய் அளந்துவிடலாம், ஆகாசத்தில் எங்கே இறங்குவது? சுக்ரன் நமக்குக் கிட்டே வரும்போது எப்போதாவது ஒருமுறை சூரிய பிம்பத்தின் மேலேயே கறுப்புப் பொட்டாக ஊர்ந்து போகும். அதைப் பூமியின் பல இடங்களிலிருந்து நேரம் குறித்தால் தூரம் கிடைத்துவிடும். 1874 டிசம்பர் 9 அன்று அந்த நிகழ்ச்சி இந்தியாவில் தெரிய இருந்தது.

இங்கேதான் சிந்தாமணி ரகுநாதாசாரி வருகிறார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, இளவயதிலேயே, வாரன் இருந்த அதே சென்னை வானாய்வுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானவியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874-இல் சுக்ரன் சூரியனைக் கடப்பதை ஜனங்களுக்கு விளக்க ஒரு சிறு புத்தகம் போட்டார். ஆங்கிலத்தோடு நிற்காமல் கன்னடத்திலும் உருதுவிலும் வந்தது. ஒரு சித்தாந்தியும் ஒரு பண்டிதரும் பேசிக்கொள்வதுபோல அதை எழுதியிருந்தார். நம் திண்ணைப் பேச்சு மாதிரியே!

அந்த மனிதரின் உண்மையான துணிச்சல் வேறொன்றில் இருந்தது. பார்த்த ஆகாசத்தோடு ஒத்துப்போகும்படி த்ருக்கணித பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். பரம்பரைக் கணக்கைத் திருத்துகிறவரை நம் சமூகம் எப்படிப் பார்க்கும் என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் திருத்துவது புதிதல்ல. கேரளத்தில் பரமேச்வரர் 55 வருஷம் கிரகணங்களையும் கிரகங்களையும் பார்த்து 1431-இல் எழுதிய நூலின் பெயரே "த்ருக்கணிதம்". அவர் வழியில் வந்த நீலகண்ட சோமயாஜி 1500 வாக்கில் புதனுக்கும் சுக்ரனுக்கும் கணக்கை மாற்றியே அமைத்தார். இவர்களில் யாரும் சாஸ்திரத்தை விட்டவர்கள் அல்லர்.

ரகுநாதாசாரி 1880-இல் காலமானார். 1961-இல் சுக்ரனுக்கு ரேடார் அலை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை நேராகவே அளந்துவிட்டார்கள். சூரியனைச் சுக்ரன் கடப்பது பிறகு 2004 ஜூன் 8 அன்றும் 2012 ஜூன் 6 அன்றும் நிகழ்ந்தது. இனி 2117-இல்தான். வாக்யமும் திருக்கணிதமும் மட்டும் இன்னும் சேரவில்லை. சனி பகவான் கும்ப ராசிக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்யப்படி 2023 டிசம்பர் 20. நடுவில் பதினோரு மாதம்! அந்த வருஷம் எங்கள் வீட்டில் பரிகாரத்தை இரண்டு தடவை செய்தோம். தாத்தா இருந்திருந்தால் ஒரு தடவைதான் விட்டிருப்பார்.